ஊரில் இல்லாதவர்கள்

சங்கரன்கோவில் தறித் தெருக்களில் முப்பிடாதியம்மாளை எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதுகளின் கடைசியில், பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போடக் கருப்பையில் வைக்கும் புதுமாதிரி லூப் ஒன்று பரிசோதனைக்கு வந்தது. அதைப் போட்டுக்கொண்ட பெண்களை மாதாமாதம் வீடு தேடிப் போய் விசாரிப்பது அவள் வேலை. புருஷன் இல்லாதவள், ஒரே மகள் செல்வமணியை இளையரசனேந்தலில் கட்டிக்கொடுத்திருந்தாள்.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, வலி உண்டா, காய்ச்சல் உண்டா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்பாள். ஒன்றும் இல்லை என்பார்கள். சில வீடுகளில் மருமகளைக் காணோம்.

"அவ அம்மா வீட்டுக்குப் போயிருக்கா நர்சம்மா" என்று சொல்லிவிட்டு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

முப்பிடாதி சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவாள். அம்மா வீட்டுக்குப் போவது என்ன குற்றமா? ஆனால் அப்படிச் சொல்லும் வீடுகள் மாதாமாதம் கூடிக்கொண்டே போயின. பரிசோதனையை நடத்தும் மெட்ராஸ் டாக்டரிடம் ஒருதடவை கேட்கவும் செய்தாள்.

"ஊர்ல இல்லாதவங்களை விட்டுடுங்க. பார்த்தவங்களை மட்டும் கணக்கெடுத்தாப் போதும்" என்றார் அவர்.

பார்த்தவர்கள் எல்லாரும் நன்றாகத்தான் இருந்தார்கள். நர்சுகள் கூட்டத்தில் அவள் கணக்கைப் பார்த்து டாக்டர் மேஜையைத் தட்டிப் பாராட்டினார். மனசு நிறைந்துபோய், முப்பிடாதி தன் மகளையும் கையோடு கூட்டிவந்து லூப் போட வைத்தாள். "பயப்படாத மக்கா, நான் பாத்த ஒருத்திக்கும் ஒண்ணும் இல்ல" என்றாள்.

ஆடித்தபசு முடிந்த மறுவாரம், சாயங்காலம், செல்வமணி பையோடு வாசலில் வந்து நின்றாள். நிற்க முடியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி, சொல்லாம கொள்ளாம?"

"அடிவயிறு வலி தாங்கல எம்மா. காய்ச்சலும் விடல. அம்மா வீட்ல இருந்து சரியாக்கிட்டு வான்னு அத்தை அனுப்பிட்டாவ."

தொட்டுப் பார்த்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. சீக்கு வந்த மருமகளை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது இந்தப் பக்கத்து வழக்கம். முப்பிடாதிக்குத் தெரியாததா? அவளையே அவள் மாமியார் அப்படி அனுப்பியிருக்கிறாள். நர்சம்மாவாக அந்த வாசல்களில் நின்றபோது மட்டும் அது ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை. தலையாட்டிவிட்டு வந்த வீடுகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வந்தன. அந்தப் பெண்களெல்லாம் எந்த ஊரில் படுத்துக் கிடக்கிறார்களோ.

மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். இளையரசனேந்தலில் லூப் போட்டவர்களை விசாரிக்கிற நர்ஸ் தங்கத்தாய், இவளுக்குக் கூட்டாளி.

"தங்கத்தாய்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேட்டி?"

"பஸ் ஸ்டாப்புல பாத்தேன் எம்மா. நான் வாயத் தொறக்குமுன்ன, 'அம்மா வீட்டுக்கா? சந்தோஷமாப் போயிட்டு வா'ன்னுட்டுப் போயிட்டாவ."