சிலேட்டுக் குவாரிக்குப் போன சனிக்கிழமை

நாங்கள் குடியிருக்கும் மான்மவுத் ஜங்ஷனிலிருந்து பென்சில்வேனியாவுக்கு இரண்டு கார்களில், புளியோதரையோடு கிளம்பினோம். கைவிட்ட சிலேட்டுக் கல்குவாரி ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம் என்றது என் தோழிதான். நான் வீட்டில் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லையாம். அடுத்த மாதம் என் மகளுக்கு இருபத்தொரு வயது. அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் எங்கள் விண்ணப்பத்திலிருந்து அவள் பெயர் விழுந்துவிடும். அவள் நடக்கப் பழகியதே இந்த நாட்டில்தான்.

குவாரியை வெட்டியவர்கள் வேல்ஸிலிருந்து வந்தவர்கள் என்று பலகையில் எழுதியிருந்தது. ஊர் ஊராகக் கூரை போடக் கல் பிளந்து கொடுத்திருக்கிறார்கள். இப்போது கூரையே இல்லாத கொட்டகை, துருப்பிடித்த இரும்புச் சக்கரம், குவியல் குவியலாய்க் கழிவுச் சில்லுகள், பச்சைத் தண்ணீர் நிறைந்த பெரும் பள்ளம். எல்லாரும் ஆகா ஓகோ என்று படம் எடுத்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. கப்பலில் வந்து இறங்கினார்கள், கல்லை வெட்டினார்கள், தீர்ந்ததும் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் பிள்ளைகளின் வயதை எவனும் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

பள்ளத்துக்குப் பக்கத்தில் சில்லு சரிந்து தோழி சறுக்கினாள். பாய்ந்து கையைப் பிடித்த அவள் கணவர் பதற்றத்தில் கத்திவிட்டார். "இப்பதான் கிரீன் கார்டு கைக்கு வந்திருக்கு, விழுந்து தொலையாதடி!"



"எப்ப வந்துச்சு?" என்றேன்.

"பொங்கலுக்கு முன்னாடியே... கண்ணு பட்டுடும், யார்கிட்டயும் சொல்லாதேன்னு மாமியார் சொன்னாங்க. தப்பா எடுத்துக்காத" என்றாள் தோழி.

யார்கிட்டயும் என்றால் நான்தான். வாராவாரம் என்னோடு கோயிலுக்கு வந்து, "ரெண்டு பேருக்கும் சேர்ந்தே வரும் பாரு" என்றவள். என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்தால் என் ஃபைலை நகர்த்தியிருக்க மாட்டேனா?

"காங்கிராட்ஸ், ஆன்டி" என்றாள் என் மகள். நிஜமான சந்தோஷத்தோடு சொன்னாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காருக்குத் திரும்பும்போது தோழி பின்தங்கினாள். திரும்பிப் பார்த்தேன். நான் நின்ற இடத்தில் குனிந்து, கல்தூளை ஒரு சிட்டிகை கிள்ளி டிஷ்யூவில் மடித்துக்கொண்டிருந்தாள். கண் வைத்தவர்களின் காலடி மண்ணை எடுத்துச் சுற்றிப் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். இருவருக்கும் ஒரே மாவட்டம்தான்.

"வாட் இஸ் ஆன்டி பிக்கிங் அப், அம்மா?" என்றாள் மகள்.

"கல்லு. வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க."