கால்வாதம் என்று சொன்னோம்

எங்கள் அப்பாவுக்குக் கால்வாதம் என்று ஊருக்குச் சொல்லியிருந்தோம். முல்லைத்தீவுக் கரையில் மாரி தொடங்கியதும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். மாசி பிறக்கும்வரை எவரோடும் பேசமாட்டார். கால்களில் ஒரு குறையும் இருந்ததில்லை. அவர் கிணற்றடிக்கு நடந்து போவதைக் கண்டாலும் வெளியே சொல்லக்கூடாது என்பது பிள்ளைகளாகிய எங்களுக்கு வீட்டுக் கட்டளை. மனம் நோயுற்ற குடும்பத்தில் எங்கள் பக்கத்தார் பெண் எடுக்கமாட்டார்கள். வாதத்துக்கு அந்தத் தடையில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் போரில் கரையை இழந்து ஒட்டுசுட்டானுக்கு வந்தோம். பெற்றோர் இருவரும் அதற்கு முன்னரே காலமாகிவிட்டனர். அண்ணனும் நானும் தங்கையும் காட்டோரத்தில் ஒரு கொட்டிலில் குடியிருந்தோம். எனக்குப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை இருந்தது. கரைவலை இழுப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத அண்ணனுக்கு ஒன்றுமில்லை. வள்ளமும் வலையும் கரையிலேயே எரிந்துபோயின. முதலாண்டில் மலேரியா அவரை மூன்று முறை வீழ்த்தியது. மறு ஆண்டு, காய்ச்சல் இல்லாமலே படுத்தார்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். சிலர் செய்வினை என்றனர். சிலர் சோம்பல் என்றனர்.

“கடல்காரனைக் கொண்டுவந்து வயலிலை நட்டால் முளைக்குமோ, மாஸ்டர்?” என்று பக்கத்துக் காணிக்காரர் சிரித்தார்.

எனக்கும் ஒரே காரணம் தேவைப்பட்டது. அது மலேரியாவாக இருந்தால் குளிசையோடு முடிந்துவிடும். இரத்தத்தில் கிருமி இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பின்னரும் குளோரோகுயினைக் கொடுத்து வந்தேன். அதன் கசப்பில் வாந்தியெடுத்து அவர் மேலும் மெலிந்தார்.

ஒருநாள் காலையில் கிணற்றுக் கயிற்றைக் காணவில்லை. அண்ணனின் பாய்க்கடியிலிருந்து தங்கை அதை எடுத்தாள். எடுத்தபோது அவர் தடுக்கவில்லை. அன்றே அவரைச் சைக்கிளில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோனேன்.

வைத்தியரின் மேசை விறாந்தையில் இருந்தது. அதற்கு எதிரே நோயாளர் அமரும் மர வாங்கில், தங்கைக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் பெரியம்மா மருந்துக்குக் காத்திருந்தார்.

“மாஸ்டர், உங்கட குடும்பத்திலை வேறை ஆருக்கும் இப்பிடி இருந்ததோ?” என்று வைத்தியர் கேட்டார்.

“இல்லை, ஐயா. அப்பாவுக்குக் கால்வாதம். வேறொண்டும் இல்லை.”

பல மாதங்களுக்குப் பின் அண்ணன் என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். சத்துக் குளிசைகளோடு திரும்பினோம். பாதி வழியில், பின்னாலிருந்து அவருடைய குரல் வந்தது.

“எனக்கும் கால்வாதமெண்டே சொல்லப்போறாய், தம்பி?”

நடந்ததைத் தங்கையிடம் சொன்னேன். அவள் அடுப்பை ஊதுவதை நிறுத்தினாள்.

“பெரியண்ணையை விட அந்தச் சம்பந்தம் பெரிசோ, சின்னண்ணை? நாளைக்கே போய் உள்ளதைச் சொல்லுங்கோ.”

மறுநாள் வைத்தியரிடம் போய்ச் சொன்னேன். அப்பாவின் மாரிகள், எரிந்த வள்ளம், மூன்று காய்ச்சல்கள், நிவாரண அரிசியை உண்ணக் கூசிய அவருடைய கைகள், கயிறு, நான் கொடுத்த குளிசைகள். வைத்தியர் எல்லாவற்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். எதையும் வெட்டவில்லை, எதன்கீழும் கோடிடவில்லை. உரிய மருந்து வவுனியாவின் இராணுவத் தடையைத் தாண்டி வரவேண்டும், வரும்வரை அவரைத் தனியே விடக்கூடாது என்றார். காரணம் ஒன்றுதான் என்று நம்பியிருந்த என் அறியாமை அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் எனக்கே புலனாயிற்று.

நான் பேசியதை வாங்கில் இருந்த எவரோ கேட்டிருக்கவேண்டும். ஒரு கிழமைக்குள் மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை முறித்துக்கொண்டனர். செய்தி அண்ணனின் காதுக்கும் எட்டியது.

“அதுக்கும் நான்தான்” என்றார், சுவரைப் பார்த்தபடி.

வைத்தியரின் தாளில் இல்லாத ஒரு காரணத்தை நாங்களே உண்டாக்கிவிட்டோம். முதலில் மறைத்ததன் பழியும் பின்னர் சொன்னதன் பழியும் என்னுடையவை. பாரம் மட்டும் அவர்மேல் விழுந்தது.

தங்கை சோற்றுக் கோப்பையை அவர் பக்கத்தில் வைத்தாள்.

“மாப்பிள்ளை விடுற குறட்டையிலை கூரை பறக்குமாம், பெரியண்ணை. நல்ல காலம், தப்பினன்.”

அவர் சிரிக்கவில்லை.

“பொய் சொல்லுறாய்.”

“ஓம், பொய்தான். நீங்கள் சாப்பிடுங்கோ.”

நெடுநேரம் கழித்து இரண்டு பிடி உண்டார். மருந்து அந்த மாதமும் வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போனால் அவளும், திரும்பினால் நானும் அவரருகில் இருந்தோம்.