தபுதாரனுக்குச் சோடி

கல்குடாக் கனகசிங்கத்திடம் ஒரு பழைய ஸ்பீக்கரைக் கொடுத்தால் அவர் முதலில் பெயர்த் தகட்டைப் பார்க்க மாட்டார். தகடு பொய் சொல்லும் என்பார். பெட்டியைக் கவிழ்த்து, பின்பலகையைக் கழற்றி, உள்ளே இருக்கும் காந்தத்தைக் கையால் தூக்கிப் பாரம் பார்ப்பார். கூம்புக் கடதாசியை நடுவிரலால் ஒரு சுண்டு சுண்டுவார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஒரு டோர்ச் பற்றறியை எடுத்து இரண்டு வயர் நுனியிலும் தொடுவார். 'டொக்' என்று கேட்கும். அந்த ஒரு சத்தத்தை வைத்து, இங்கிலாந்தா, ஜப்பானா, கொழும்பில் யாரோ ஒட்டிப் பிடித்ததா என்று சொல்லிவிடுவார்.

இதெல்லாம் நடப்பது ஓட்டமாவடியில், ஊருக்கே மூத்த அண்ணனான அசனார் காக்காவின் பழைய சாமான் கடையில். சுனாமிக்குப் பிறகு கிழமையில் நான்கு நாள் கனகசிங்கம் அங்கேதான். சாமான் வாங்க வராதவர்களும் தேத்தண்ணிக் கிளாசோடு வந்து நிற்பார்கள். அவருடைய வாயைக் கேட்கத்தான்.

"இது எங்கட சின்ன மாமா. வயிறு மட்டும்தான். உள்ள ஒண்டுமில்ல."

"இவர் அரசாங்கக் கந்தோர்ப் பெரியவர், காக்கா. எவ்வளவு குடுத்தாலும் வாய் திறக்கமாட்டார். சூடு மட்டும் ஏறும்."

ஒருமுறை ஏறாவூரில் வாங்கிய பெட்டி ஒன்றை ஒருவர் பெருமையாகக் கொண்டுவந்து இறக்கினார். நல்ல பாரம். கனகசிங்கம் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே பாரத்துக்காகக் கட்டி வைத்திருந்த அரைச் சீமெந்துக் கல்லை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். "இப்பிடி இன்னும் ஆயிரம் பெட்டி வாங்குங்க அண்ணன். சுனாமிக்கு நிறுவனக்காரன் எங்களுக்குக் கட்டித் தந்த வீட்டை விட உறுதியா ஒரு வீடு கட்டலாம்." கல்லோடு வந்தவரும் சிரித்துவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வது.

அவர் சொன்னால் சொன்னதுதான். அவர் கை வைத்துச் சொன்ன சாமானை யாரும் மறுபேச்சுப் பேசி அசனார் காக்காவிடம் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

கனகசிங்கம் முன்பு வாடகைக்கு ஸ்பீக்கர் கட்டியவர். எட்டுப் புனல் ஸ்பீக்கர், இரண்டு பெட்டி ஸ்பீக்கர். பெட்டிகள் இரண்டும் பாசிக்குடாப் பக்கம் சண்டையில் பாழாய்ப்போன ஹோட்டல் ஒன்றின் நடன மண்டபத்தில் இருந்தவை. பன்னிரண்டு அங்குலம், இங்கிலாந்துச் சாமான். அவற்றில் பாட்டுப் போட்டால் பாடுகிறவர் மூச்சு எடுப்பது கேட்கும் என்பார். அதற்காகவே அவரைக் கல்யாணத்துக்குப் பிடித்தவர்கள் உண்டு.

2004 மார்கழியில் எல்லாவற்றையும் கடற்கரைக் கோயிலில் திருவெம்பாவைக்குக் கட்டியிருந்தார். இருபத்தாறாம் திகதி விடியப் பூசை முடிந்து, அறுந்த வயர் ஒன்றுக்குப் பதில் வாங்க வாழைச்சேனைக்குச் சைக்கிளில் போனார். மனைவி கண்ணகை பிள்ளைகளோடு கும்புறுமூலையில் தமக்கை வீட்டில் நின்றாள். அதனால் அந்தக் குடும்பம் மிஞ்சியது. கோயிலடியில் நின்றவர்களைப் பற்றிக் கனகசிங்கம் கதைப்பதில்லை. யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார்.

இரண்டு மாதம் கழித்து ஆற்றங்கரைக் கண்டல் மர வேருக்குள் பெட்டி ஒன்று செருகிக் கிடப்பதாக வலைக்காரர் ஒருவர் வந்து சொன்னார். இரண்டில் ஒன்று. பெட்டி போனாலும் காந்தம் உயிரோடு இருந்தது. அகதிக் கூடாரத்துக்குள் வைத்து அதற்குப் புதுக் கடதாசி போட்டு, புதுப் பெட்டி அடித்துப் பாட வைத்துவிட்டார். ஆனால் தனி ஸ்பீக்கரை எந்தக் கல்யாண வீட்டுக்குக் கட்டுவது? அதன் சோடி கிடைக்கட்டும், திரும்பவும் தொழிலைத் தொடங்கலாம் என்று இருந்தார். ஒரு வருடம் இருந்தார். இரண்டு வருடம். ஐந்தாம் வருடமும் பிறந்துவிட்டது.

பெண்சாதியை இழந்தவன் போலத் தனித்து நின்ற அந்த ஸ்பீக்கருக்குத் 'தபுதாரன்' என்று பெயர் வைத்தது அசனார் காக்கா. பழைய சாமான் லொறி வந்து நின்றால் முதல் கூப்பாடு இதுதான்: "கனகு! ஓடி வா. உன்ர தபுதாரனுக்குப் பொம்புள பாக்க வந்திரிக்கி!"

வீட்டில் கண்ணகை இப்படி நயமாகச் சொல்ல மாட்டாள். "ரெண்டு பொம்புளப் புள்ளயள் வளருதுகள். அதுகளுக்கு மாப்பிள்ள தேடுற வயசில இந்த மனிசன் பெட்டிக்குப் பொம்புள தேடித் திரியிறார்."

2009 வைகாசி. சண்டை முடிந்தது என்று றேடியோ சொல்லி இரண்டு கிழமை ஆகியிருந்தது. ஊரெல்லாம் வருடத்துக்கொருமுறை அம்மன் கோயில் கதவு திறந்து, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தி பாடும் காலம். ஒரு காலை, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அரிசிச் சாக்கொன்றைத் தலையில் வைத்தபடி கடைக்குள் வந்தாள். மாங்கேணிச் சீதேவிப்பிள்ளை. வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் சாக்கை அவிழ்த்துக் கட்டியிருந்ததால் கயிறு தளர்ந்து கிடந்தது.

"எங்கட கோயில்ல ஒம்பது நாளில குளிர்த்தி, தம்பி. படிக்கிறவங்கட சத்தம் பின்னால நிக்கிற சனத்துக்குக் கேக்கோணும். இது பாடுமா எண்டு பாத்துச் சொல்லுங்க."

"கனகு, பொம்புள தானா நடந்து வந்திரிக்கி," என்றார் அசனார் காக்கா. நாலைந்து பேர் சிரித்தார்கள்.

கனகசிங்கமும் சிரித்துக்கொண்டுதான் சாக்கை அவிழ்த்தார். உள்ளே பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் பெட்டி. காந்தத்தைத் தூக்கினார். கூம்பைச் சுண்டினார். வெண்மணல் கொட்டியது. விளிம்போரம் கிழிந்த இடத்தில் மாம்பழ நிறத் துணிப் பட்டி ஒன்று விளாம்பிசினால் ஒட்டப்பட்டிருந்தது. கடதாசிக் கூம்பைத் துணி வைத்து, விளாம்பிசின் பூசி ஒட்டுகிற ஆள் அந்தப் பக்கத்தில் கனகசிங்கம் ஒருவர்தான். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"இது என்ர சாமான்," என்றார். பிறகு கேட்டார், "இத எங்க எடுத்தீங்க?"

கடல் அடித்த ஊர்களில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் அதற்கு ஒரு பொருள்தான். செத்தவர்களின் வளவுக்குள் பொறுக்கியவள் என்பது.

சீதேவிப்பிள்ளைக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. "என்ன கேட்டீங்க?"

"அக்கா, நான் பிழையா..."

"எடுத்ததல்ல. இது என்ர மனிசன்ட. ரெண்டாயிரத்து ஆறில வாகரைப் பக்கம் செல்லடிக்கத் தொடங்கின நேரம் தூக்கிக்கொண்டு ஓட ஏலாம பங்கருக்குள்ள புதைச்சம். அந்த ஓட்டத்தில மனிசன் போயிட்டார். திரும்பி வந்து நான்தான் கிண்டி எடுத்த."

கனகசிங்கம் உள்ளங்கையில் இருந்த மணலைப் பார்த்தார். "இது கடல் மண்ணக்கா. துணி நான் ஒட்டினது."

"எங்கட ஊரில வேற என்ன மண் இரிக்கு?" என்றாள் அவள். பிறகு அசனார் காக்காவைப் பார்த்தாள். அவரோ தேத்தண்ணிக் கிளாசைப் பார்த்தார். கனகசிங்கம் சொன்னால் சொன்னதுதானே. "சரி. வச்சிருங்க. நான் இனி வந்து கேக்கமாட்டன். பிழையெண்டு கண்டால் கொண்டுவந்து தாங்க." வெறும் சாக்கை நாலாய் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று பகல் கனகசிங்கம் பெட்டியைச் சைக்கிளில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்தப் பெண்ணின் முகம் கண்ணுக்குள் நின்றதுதான். ஆனாலும் ஐந்து வருடம் தேடியது பின்னால் இருக்கிறது. கல்குடாச் சந்தி திரும்பும்போது பாட்டுக்கூட வந்தது.

கண்ணகை மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். "கிடைச்சிட்டுது," என்று இறக்கி வைத்து, நடந்ததையெல்லாம் சொன்னார். அவள் கையைக் கழுவிவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். துணிப் பட்டியை நகத்தால் நிமிண்டினாள்.

"இது என்ர சட்டைத் துணி."

"ஓம். அதத்தான் நானும் சொல்றன்."

"இஞ்சருங்க, இந்தச் சட்டய நான் எப்ப கிழிச்சது? சமாதானம் எண்டு சொல்லி ரோட்டுத் திறந்த வருசம். ரெண்டாயிரத்து ரெண்டு. உங்கட சோடிக்கு நீங்க ஒட்டினது அதுக்கு முதல். ரெண்டுக்கும் ஒரே நாளில. என்ர குடயக் கிழிச்சு ஒட்டினீங்க. அந்த மாரி முழுக்க நான் தென்னம் பன்னாடையால தலய மூடிக்கொண்டு சந்தைக்குப் போனது எனக்கு மறக்குமா?"

கனகசிங்கம் உள்ளே போய்த் தபுதாரனைத் தூக்கி வந்து, விளிம்பில் தான் புதிதாக ஒட்டியிருந்த மட்டை வளையத்தைக் கத்தி நுனியால் கிளப்பினார். அடியில், இரும்பு விளிம்பில், பழைய பிசினோடு சேர்ந்து நாலைந்து கறுப்பு நூல். குடைத்துணி.

"அப்ப இது?"

"மாங்கேணியில இரிந்து ஒராள் சாராயப் போத்தில்ல தேன் கொண்டந்தாரே. நல்ல கறுவல். கீச்சுக் குரல். இப்பிடி ஒரு பெட்டியத் திருத்தக் கொண்டந்தவர். அந்த ஹோட்டல்லதான் தானும் வாங்கினதெண்டு சொன்னார். தேன நீங்கதானே குடிச்சீங்க. ஆளை மறந்திட்டீங்களா?"

ஆளை மறந்துவிட்டார். தேனையும் மறந்துவிட்டார். அந்த ஹோட்டலில் அப்படிப்பட்ட பெட்டி ஆறு இருந்தது மட்டும் இப்போது நினைவு வந்தது. தன் கைவேலையைக் கண்டதும் தன் பொருள் என்று சொல்லிவிட்டார். வாழைச்சேனை, ஓட்டமாவடி, மாங்கேணி என்று அவர் கைவேலை எத்தனை வீட்டில் இருக்கிறது!

"அந்த மனிசியப் போய் எங்க எடுத்ததெண்டு கேட்டிரிக்கிறீங்க," என்றாள் கண்ணகை. சொல்லிவிட்டு மீனிடம் திரும்பினாள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்சில் பெட்டியை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு மாங்கேணிக்குப் போனார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரப் பொடியன் சாக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு அரைகுறைத் தமிழில் கேட்டான். "இது ஆருட?"

"சீதேவிப்பிள்ளைட," என்றார் கனகசிங்கம்.

அவனுக்கு எந்தச் சீதேவிப்பிள்ளை என்று தெரியாது. போகச் சொல்லிக் கையைக் காட்டினான்.

சீதேவிப்பிள்ளை வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியை இறக்கிவைத்து, குடைத்துணி, சட்டைத்துணி, தேன் போத்தல் எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொல்லி, "என்னிலதான் பிழையக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்க," என்றார்.

அவள் தும்புக்கட்டையை வேலியில் சாத்தினாள். "இத இஞ்ச வந்து சொல்லி என்ன தம்பி? இஞ்ச எல்லாருக்கும் இது ஆருட சாமானெண்டு தெரியும். சொன்ன இடத்தில சொல்லுங்க." உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்தாள். அதே பஸ் திரும்பும்போது இருவரும் ஏறினார்கள். பெட்டி நடுவில் இருந்தது.

அசனார் காக்காவின் கடையில் அப்போது யாரும் இல்லை. கனகசிங்கம் வாயெடுக்க, அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "நேத்து நிண்ட ஆக்கள் வரட்டும்."

காத்திருந்தார்கள். அசனார் காக்கா தேத்தண்ணி எடுப்பித்தார். அவள் தொடவில்லை. பத்தரை மணிக்கு இருவர் வந்தார்கள், பதினொரு மணிக்கு இன்னும் மூவர். வழக்கம்போல ஒருவர், "என்ன கனகு, தபுதாரனுக்குக் கலியாணம் எப்ப?" என்று தொடங்கினார். யாரும் சிரிக்காததைக் கண்டு அடங்கினார்.

கனகசிங்கம் எழும்பி நின்றார். அவர் அந்தக் கடையில் எழும்பி நின்று பேசியதே இல்லை. "இது இந்த அக்காட சாமான். முந்தி இவட மனிசனுக்கு நான் திருத்திக் குடுத்தது. என்ர கைவேலையக் கண்டிட்டு என்ர சாமானெண்டு சொல்லிட்டன். என்னிலதான் பிழ."

"எங்க எடுத்ததெண்டும் சொல்லுங்க."

"பங்கருக்குள்ள. இவங்களே புதைச்சு, இவவே கிண்டி எடுத்த."

சீதேவிப்பிள்ளை ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே இழுவையில் குடித்தாள். "இப்ப திருத்துங்க," என்றாள்.

மணலைத் தட்டி, அறுந்த வயரை ஒட்டி, ஒரு மணித்தியாலத்தில் பாட வைத்தார். பாடியது. அதன் சத்தத்தைக் கேட்டதும் கனகசிங்கத்துக்கு ஒரு நினைப்பு வந்தது. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். "அக்கா, ஒரு பக்கம் மட்டும் கேட்டாக் காணாது. என்ர ஒண்டு வீட்டில சும்மா கிடக்கு. குளிர்த்திக்கு ரெண்டையும் சேத்துக் கட்டித் தாறன். ஒண்டும் தரத் தேவல்ல."

அவள் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னாள். "வேணாம் தம்பி. ரெண்டயும் பக்கத்தில வச்சா நாளைக்கு ரெண்டும் உங்கடயெண்டு சொல்லுவீங்க."

அசனார் காக்காதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும். கனகசிங்கம் தலையைக் குனிந்தபடி சாக்கைத் தூக்கி அவள் தலையில் வைத்துவிட்டார். அவரும் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை.

பஸ் போனதும் கனகசிங்கம் கடையின் பின்பக்கம் போய்க் குவியலைக் கிளறினார். இனி எந்தப் பன்னிரண்டு அங்குலத்தைக் கண்டாலும் தன் சோடி என்று சொல்ல வாய் வராது. சொன்னால் கொண்டுவந்தவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டதாகிவிடும். ஒரு ஜப்பான் பெட்டியை இழுத்தெடுத்தார். பத்து அங்குலம். மூலை உடைந்தது.

"டேய் கனகு, இது பொருந்தாதுடா," என்றார் அசனார் காக்கா.

"பொருந்தாது, காக்கா. இதத் தாங்க."

ஆனி மாதம் கும்புறுமூலையில் ஒரு கல்யாணத்துக்குக் கட்டினார். ஐந்து வருடத்துக்குப் பிறகு முதல் கட்டு. பந்தலின் ஒரு பக்கம் இங்கிலாந்து, மறுபக்கம் ஜப்பான். கண்ணகை நடுவில் நின்று, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ரெண்டு பேர் சண்ட பிடிச்சுக்கொண்டு பாடுற மாதிரிக் கிடக்கு."

"ஓம்," என்று சொல்லிவிட்டு அவர் ஜப்பானின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தார்.