இருநூறு மீட்டர் தள்ளி

திண்டிவனத்தில் யாராவது ஜிபிஎஸ் கருவி வாங்கலாமா என்று வாயைத் திறந்தால் போதும், சவுரிராயன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவான். அப்படி வாயைத் திறக்கிறவர்கள் ஊரில் எண்ணி இரண்டு பேர்தான் என்பது வேறு விஷயம். அந்த இரண்டு பேரும் ஒரு தடவை கேட்டதோடு சரி, மறுபடி கேட்கிற தைரியம் அவர்களுக்கு வரவில்லை. அதனால் என்ன, கேட்காதவர்களுக்கும் அவன் சொன்னான். பல் பிடுங்கப் போன இடத்தில் டாக்டருக்கே சொன்னான்.

"போனை மட்டும் நம்பாதீங்க சார். வெயில்ல ஸ்கிரீன் தெரியாது, மத்தியானத்துக்குள்ள சார்ஜ் போயிடும், மழையில நனைஞ்சா அதோட சரி. கையில புடிக்கிற மிஷின்தான் மிஷின்."

டாக்டர் அவனை வாயைத் திறக்கச் சொன்னது பல்லைப் பார்ப்பதற்காக.

சவுரிராயனுக்குச் செல்போன் கோபுரங்களைப் பராமரிக்கிற வேலை. ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் டெக்னீசியன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரைக்கும் எந்தக் கோபுரம் படுத்தாலும் அவன் பைக் அங்கே போய் நிற்கும். கோபுரங்களுக்குத் தெருப் பெயரும் கதவு எண்ணும் கிடையாது, அட்சரேகை தீர்க்கரேகைதான் முகவரி. அந்த எண்கள் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. அதனால்தான் விழுப்புரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கும் தென்னரசு ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டைச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டான். ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கருவியோடு தேடிப் போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். பரிசு கிடையாது. நான்தான் முதலில் கண்டுபிடித்தேன் என்கிற பெருமை மட்டும் உண்டு, சவுரிராயனுக்கு அது போதும்.

கருவி தேர்ந்தெடுக்க அவன் பட்ட பாட்டைப் பெண் பார்க்கப் போனபோதுகூடப் படவில்லை. கைக்கடிகாரம் மாதிரி வருவதைப் பார்த்தான், எழுத்து பொடியாக இருந்தது. தொடுதிரை வைத்ததைப் பார்த்தான், வியர்த்த விரலுக்கு அது மசியவில்லை. கடைசியில் பொத்தான் வைத்த கருவிதான் என்று முடிவு செய்தான். பேட்டரி தீர்ந்தால் பெட்டிக் கடையில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. விழுப்புரத்தில் நிலம் அளக்கும் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடம் பழைய கருவி ஒன்று இருந்தது. வாங்கி வந்து துணியால் துடைத்துத் துடைத்து வைத்தான்.

"நம்ம புள்ளைங்களக்கூட இப்படித் தொடைச்சதில்ல நீங்க" என்றாள் அவன் மனைவி ஜெயம்.

தென்னரசுவுக்கு அவன் ஓயாமல் ஓதிய பாடம் ஒன்று உண்டு. எந்தக் கருவி வாங்கினாலும் தெரிந்த இடத்தில் வைத்து முதலில் சரிபார்க்க வேண்டும். பழைய கருவி என்றால் முன்னாள் சொந்தக்காரர் போட்டு வைத்த அமைப்புகளை எல்லாம் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நல்ல பாடம்தான். ஆனால் கருவி கைக்கு வந்த அதே வாரம் தென்னரசு பிரம்மதேசம் ஏரிக்கரையில் புதிதாக ஒரு டப்பாவை ஒளித்து வைத்து எண்களைப் போட்டுவிட்டான். வேறு யாராவது முந்திக்கொள்வதற்குள் போய்விட வேண்டும் என்ற அவசரத்தில் பாடம் காற்றில் போயிற்று.

அன்றைக்குப் பிரம்மதேசத்துப் பக்கம் ஒரு கோபுரத்தில் வேலை. அதை முடித்துவிட்டு ஏரிக்கரைக்குப் போனான். போனைப் பைக்கிலேயே வைத்துப் பூட்டினான். மிஷின் இருக்கும்போது போன் எதற்கு?

கருவியில் அம்புக்குறி வழி காட்டியது. கரையோரம் நடந்து போய் ஒரு பனை மரத்தடியில் அது நின்றது. தென்னரசு கொடுத்திருந்த குறிப்பும் அதேதான்: பனை அடியில், கல்லுக்குப் பின்னால், நீல மூடி போட்ட டப்பா. பனையும் இருந்தது, கல்லும் இருந்தது. கல்லுக்குப் பின்னால் மண்தான் இருந்தது, அதையும் யாரோ கிளறி விட்டிருந்தார்கள். ஏரிக்கரை முழுக்கப் பனைகள் என்பதும், பனை இருக்கிற இடத்தில் கல் கிடப்பது அதிசயமில்லை என்பதும் அந்த நேரத்தில் அவன் புத்தியில் ஏறவில்லை.

அந்த நிழலில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பெயர் பாஞ்சாலி. சற்றுத் தள்ளி, ஏரிக்கு வரும் வாய்க்காலில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். பாஞ்சாலிக்கு முட்டி தேய்ந்து போனதால் மண் சுமக்க முடியாது. தண்ணீர்க் குடத்தையும் எல்லோருடைய பைகளையும் பார்த்துக்கொள்வது அவருக்கு விட்ட வேலை. சாப்பாட்டுத் தூக்கு, போன், கழற்றி வைத்த தோடு எல்லாம் அவரைச் சுற்றித்தான் குவிந்து கிடக்கும்.

"இன்னா தம்பி தேடறீங்க? சாவியா?" என்று அவரே கேட்டார்.

"ஒரு டப்பா. நீல மூடி போட்டது. இங்கதான் இருந்துது."

"காலைலேருந்து நான் இங்கதான் குந்திக்கினு இருக்கறேன். ஒண்ணும் பாக்கலியே தம்பி."

அப்போதுதான் அவருடைய மஞ்சள் துணிப்பையின் வாய் வழியாக நீல மூடி ஒன்று தெரிந்தது.

"அது இன்னா?"

"அது என்னுது."

"எடு, பாக்கலாம்."

பாஞ்சாலிக்கு அவனைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். 'எடு' என்று அவன் வாயில் எப்படி வந்தது என்று பிற்பாடு எத்தனையோ தடவை யோசித்தான். அப்போது யோசிக்கவில்லை. கருவியை உயர்த்திக் காட்டி, வாய்க்காலில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னான்:

"இது சாட்டிலைட்டைப் பாத்துச் சொல்ற மிஷினு. பொய் சொல்லாது. இந்த எடம்தான்னு காட்டுது. பையக் கொட்டு."

மண்வெட்டிச் சத்தம் நின்றுவிட்டது. பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பாஞ்சாலி வாக்குவாதம் செய்யவில்லை. பையைத் தலைகீழாகப் பிடித்துக் கொட்டினார். டப்பாவையும் அவரே திறந்தார். சர்க்கரை மாத்திரை, ரேஷன் கார்டு ஜெராக்ஸ், நாலு ஊக்கு, வாடிய வெற்றிலை. அதற்குப் பிறகும் சவுரிராயன் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"சரி, எடுத்து வை" என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்: "யாராச்சும் எடுத்திருந்தா குடுத்துடுங்க. நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்."

"இங்க யாரும் எடுக்கல சார்" என்றார் பாஞ்சாலி. 'தம்பி' போய் 'சார்' ஆகிவிட்டது.

அவன் பைக்கை நோக்கி நடக்கும்போது வாய்க்காலிலிருந்து ஒரு பெண் ஏறி வந்து, குவியலிலிருந்து தன் பையை மட்டும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்தான். எதற்கு எடுக்கிறாள் என்று அவன் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போய், டப்பா இல்லை, உள்ளூர் ஆட்கள் எடுத்துவிட்டார்கள் என்று இணையத்தில் எழுதிப் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தென்னரசுவிடமிருந்து போன் வந்தது.

"இன்னாப்பா, டப்பா இல்லன்னு போட்டுட்ட? நான் வச்ச எடத்துலயே இருக்குது. கையில புடிச்சிக்கினு நிக்கிறேன்."

"இருக்காது. நான் பாத்தேன்."

"நீயே வந்து பாரு."

போனான். தென்னரசு நின்றது வேறொரு பனையடியில். அவன் கையில் நீல மூடி டப்பா. சவுரிராயன் கருவியைப் பார்த்தான், அந்த இடம் இன்னும் இருநூறு மீட்டர் தள்ளி இருக்கிறது என்று அது சாதித்தது. இரண்டு பேரும் போனையும் கருவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எண்கள் ஒட்டவில்லை. சவுரிராயன் கருவியின் அமைப்புக்குள் போனான். உலகம் முழுக்க இன்று செயற்கைக்கோளுக்கு வைத்திருக்கிற கணக்கு ஒன்று. அதற்கு முன்னால் இந்தியாவில் நிலம் அளக்க வைத்திருந்த கணக்கு இன்னொன்று. ஒரே எண்ணைக் கொடுத்தால் இரண்டும் இரண்டு இடத்தைக் காட்டும். நிலம் அளந்தவர் தன் பழைய வரைபடங்களோடு ஒத்துப்போகக் கருவியைப் பழைய கணக்கில் வைத்திருந்தார். அவர் மேல் தப்பில்லை. இரண்டு பொத்தானை அமுக்கியதும் அம்பு தென்னரசுவின் காலடிக்கு வந்து நின்றது.

தென்னரசு விழுந்து விழுந்து சிரித்தான். "தெரிஞ்ச எடத்துல வச்சுப் பாருன்னு எனக்கு எத்தினி தபா சொல்லியிருப்ப? சரி வுடு, டப்பாதான் கெடைச்சிட்டுதே."

சவுரிராயனுக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் கரையில் அந்த இன்னொரு பனை தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையாகையால் அதன் அடியில் யாரும் இல்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் மல்லாட்டைக் கொல்லைகள். வேர்க்கடலை பறிக்கிற காலம். சவுரிராயனின் அம்மா ஊரெல்லாம் மல்லாட்டை பறிக்கப் போனவள். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. சாயங்காலம் கூலி வாங்குவதற்கு முன்னால் பறித்த பெண்கள் எல்லோரும் வரிசையில் நின்று நிலத்துக்காரர் முன்னால் மடியை உதறிக் காட்ட வேண்டும். அப்படி ஒரு வழக்கம். ஒளித்து எடுத்துப் போகவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. அம்மா முந்தானையை உதறும்போது கூலிக்காக அவளுடன் நின்ற சிறுவன் சவுரிராயன் தலையைக் குனிந்துகொள்வான். அந்த நிலத்துக்காரரை அவன் மன்னித்ததே இல்லை. அவர் முகம் மறந்துவிட்டது, "உதறு" என்ற குரல் மட்டும் மறக்கவில்லை. இப்போது "பையக் கொட்டு" என்று தன் குரலே காதில் கேட்டபோது, இரண்டும் ஒன்றுதான் என்று அவனுக்குத் தெரிந்துபோயிற்று. பைக்கை ஓரம் கட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றான்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. ஜெயம் விடவில்லை, கேட்டுக் கேட்டு விஷயத்தை வாங்கிவிட்டாள். முழுக்கக் கேட்டு முடித்துவிட்டு, "அந்தம்மாகிட்ட போய்ச் சொன்னீங்களா?" என்றாள்.

"வீடு எங்கன்னு தெரியல."

"எடம் காட்டற மிஷினுதான் இருக்குதே."

மறுநாள் காலையில் போனான். பனையடியில் பாஞ்சாலி இல்லை. பைகளின் குவியலும் இல்லை. வாய்க்கால் ஓரத்து வேலமரக் கிளைகளில் ஒவ்வொரு பையும் தனித்தனியாகத் தொங்கியது. அவரவர் வேலை செய்கிற இடத்துக்கு நேராக, கண் பார்வையில். காவலுக்கு ஆள் வேண்டாமென்று ஆகிவிட்டது. பாஞ்சாலி வாய்க்காலுக்குள் மண் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்துக் கரையேறிக்கொண்டிருந்தார்.

போன தடவை நடுவில் நின்று சத்தம் போட்டவன் இந்தத் தடவை ஓரமாகத்தான் போனான். கூடையைக் கொட்டிவிட்டு அவர் திரும்பும்போது, "அம்மா, அன்னைக்கு நான் தப்பாப் பேசிட்டேன்" என்றான், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

பாஞ்சாலி இடுப்பில் கையை ஊன்றி நின்று மூச்சு வாங்கினார். "அன்னைக்கு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னீங்க. இன்னைக்கு எனக்கு மட்டும் சொல்றீங்க."

சவுரிராயனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பெண்கள் ஏற்கெனவே வேலையை நிறுத்திவிட்டிருந்தார்கள். கரைமேல் ஏறி நின்றான்.

"டப்பாவை யாரும் எடுக்கல. அது வேற எடத்துல இருந்துது. நான்தான் தப்பான எடத்துல வந்து தேடிட்டு, இந்த அம்மா பையைக் கொட்டச் சொன்னேன். அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"மிஷினு பொய் சொல்லாதுன்னியே" என்றாள் ஒருத்தி.

"மிஷின் மேல தப்பில்ல. நான் அதைச் சரியா வைக்கல."

மண்வெட்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது. கிளைகளில் இருந்த பைகள் அப்படியே தொங்கின, ஒருத்தியும் எடுத்துவந்து பனையடியில் வைக்கவில்லை. சவுரிராயனுக்கு அதைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. ஏதாவது செய்தாக வேண்டும் போலிருந்தது. தன் தோள்பையைக் கழற்றினான். உள்ளே கருவி, பர்ஸ், போன் எல்லாம் இருந்தன. எல்லோரும் பார்க்கட்டும் என்றே பாஞ்சாலியிடம் நீட்டினான்.

"பக்கத்து டவருக்குப் போய்ட்டு வர்றேம்மா. அதுவரைக்கும் இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

பாஞ்சாலி பையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, அலுப்புதான் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"வேணாம் சார். நீங்களே எடுத்துக்கினு போங்க. திரும்பி வந்து ஒண்ணு காணலன்னா, நான் எதைக் கொட்டிக் காட்டறது?"

காலிக் கூடையை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, மறுபடி வாய்க்காலுக்குள் இறங்கினார். சவுரிராயன் பையைக் கையில் பிடித்தபடியே கரைமேல் நின்றிருந்தான்.