திருமதி வெதரில் தேநீருக்கு வந்த நாள்

எட்னா கிளெக் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு செங்கல் சுவர்தான். அவள் தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து நான் நூறாயுசு சொல்லலாம். இருபத்தாறு வருஷம் அப்படி இருந்தோம். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. சொல்லக் கூசுகிற பகுதியும் இதில் உண்டு, அது என்னுடையது.

பதினான்கு வயதில் எட்னா, மேட்டு மாளிகையில் வேலைக்குச் சேர்ந்தாள். கம்பளி ஆலை முதலாளி வெதரிலின் வீடு அது. ஆறு வருஷம் மாலை நான்கு மணிக்குத் தட்டு ஏந்தினாள். ஒரு நாள் கொதிக்கிற தண்ணீர் மணிக்கட்டில் கொட்டிவிட்டது. வந்திருந்த பன்னிரண்டு பேருக்கும் கோப்பை கொடுத்து முடித்து, கதவைச் சாத்திவிட்டு, சமையலறைக்குப் போன பிறகுதான் அலறினாளாம். அப்படிப்பட்ட தழும்பைச் சிலர் மறைப்பார்கள். எட்னா சட்டைக் கையை மடித்துவிட்டுக் காட்டுவாள். "என்ன நடந்தாலும் விருந்தாளி முன்னாடி டீ நிக்கக்கூடாது மேபல்" என்பாள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். வெந்த கைக்கு வெதரில் வீட்டில் யாராவது வெண்ணெய் தடவினார்களா என்று கேட்டால், மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொள்வாள்.

பிறகு அதே ஆலையில் வேலை பார்த்த வில்ஃப்ரெட்டைக் கட்டிக்கொண்டு எங்கள் தெருவுக்கு வந்தாள். குழந்தை இல்லை. வில்ஃப் நல்ல மனுஷன், வாயில்லாப் பூச்சி. வியாழக்கிழமை தோறும் அவனையும் என்னையும் முன்னறையில் உட்காரவைத்து விருந்து நடத்திப் பழகுவாள். நாங்கள் எல்லோரும் கோப்பையில் முதலில் பாலை ஊற்றித்தான் மேலே தேநீர் ஊற்றுவோம். அது ஆலைக்காரத் தெரு வழக்கமாம். மாளிகையில் தேநீர் முதலில், பால் பிறகு. வில்ஃப் ஒருமுறை மறந்து பால் குவளையை முதலில் எடுத்தபோது அவன் கையில் ஒரு தட்டுத் தட்டினாள். "எதை முதல்ல ஊத்தினாலும் வயித்துக்குத்தானே போகுது?" என்று அவன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

எட்னாவின் வாழ்க்கையில் ஆசை ஒன்றே ஒன்று. மாளிகை அம்மாள் திருமதி வெதரில் அவள் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து, அவள் கையால் ஒரு கோப்பை வாங்கிக் குடிக்க வேண்டும். நாற்பது வருஷம் உழைத்து வில்ஃப் ஓய்வு பெற்றபோது, மரியாதைக்காக அந்த அம்மாள் வருவதாகச் சொன்னாள். சொல்லிவிட்டு இரண்டு முறை தள்ளிப் போட்டாள். மூன்றாவதாகக் குறித்த நாள் ஐம்பத்து நான்காம் வருஷம் ஜூலையில் ஒரு வியாழக்கிழமை.

இதற்கு நடுவே, மார்ச் மாதத்திலேயே டாக்டர் வில்ஃபிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இதயம் பழுது. நெஞ்சு அடைத்தாலோ இடது கை கனத்தாலோ உடனே படுக்க வேண்டும், உடனே தனக்கு ஆள் அனுப்ப வேண்டும், ஐந்து நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது. டாக்டர் வீடு இரண்டு தெரு தள்ளி. தெருமுனையில் தொலைபேசிக் கூண்டு. எட்னாவுக்கும் எனக்கும் இது மனப்பாடம்.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே புழுக்கம். ஒரு இலை அசையவில்லை. மதியம் நான் எட்னாவின் சமையலறையில் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சுகளுக்கு ரொட்டி ஓரம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் மாடியில் உடை மாற்றிக்கொண்டிருந்தாள். முன்னறைச் சோபாவை ஜன்னலருகே இழுத்துப் போட்டுவிட்டு வில்ஃப் உள்ளே வந்து, கதவில் சாய்ந்து நின்றான். முகம் மாவு பூசினது போல் இருந்தது.

"மேபல், இந்தக் கை கொஞ்சம் கனமா இருக்கு."

"எந்தக் கை?"

அவன் இடது கையைத் தேய்த்தான். நான் கத்தியைக் கீழே போட்டேன்.

"நான் டாக்டருக்குப் போன் பண்றேன்."

"உக்காரு. சத்தம் போடாத. அவ காதுல விழுந்தா எல்லாம் போச்சு. இருபத்தஞ்சு வருஷமா இந்த ஒரு நாளுக்குக் காத்திட்டிருக்கா."

"உனக்குப் பைத்தியமா வில்ஃப்?"

"அஞ்சரைக்கு அவங்க கிளம்பிடுவாங்க. அப்புறம் நீயே போய்க் கூட்டிட்டு வா. அதுக்குள்ள ஒண்ணும் செத்துட மாட்டேன். எட்னாகிட்ட சொல்லமாட்டேன்னு சொல்லு."

மாடிப்படியில் எட்னாவின் செருப்புச் சத்தம் கேட்டது. நான் சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டேன். ஆட்டிய தலையை அன்றே வெட்டிப் போட்டிருக்கலாம்.

சரியாக நான்கு மணிக்குக் கறுப்புக் கார் வந்து நின்றது. தெருவில் அத்தனை ஜன்னல் திரையும் ஒரு விரல் அகலம் விலகின. திருமதி வெதரிலோடு பாதிரியார் மனைவி திருமதி ஓக்லியும் இறங்கினாள். எட்னா வாசலில் நின்றாள்.

"வாங்க மேடம். வழியில வெயில் அதிகமா இருந்துதா?"

"அதிகம்தான் மிஸஸ் கிளெக். ஆனா உங்க வீடு எவ்வளவு குளுமையா இருக்கு!"

மிஸஸ் கிளெக் என்று கேட்டதும் எட்னாவின் முகம் கழுத்துவரை சிவந்தது. ஐந்து பேரும் உட்கார்ந்தோம். மூன்றடுக்குத் தட்டில் கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் ரொட்டிகள், மேலே சின்னக் கேக்குகள். எட்னா தேநீர் ஊற்றினாள், பாலைப் பிறகு ஊற்றினாள். ரோஜா பற்றிப் பேசினார்கள். மழை இல்லாதது பற்றிப் பேசினார்கள். போர்க்கால வெண்ணெய் ரேஷன் ஒருவழியாக நீங்கியது எவ்வளவு நிம்மதி என்று திருமதி ஓக்லி சொன்னாள்.

வில்ஃபின் கோப்பை அதன் தட்டில் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கியது.

சின்ன அறை. அந்தச் சத்தம் கேட்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. திருமதி ஓக்லி அவனைப் பார்த்தாள். நெற்றியில் வழிந்த வியர்வையைப் பார்த்தாள். உடனே கண்ணைக் கேக்குக்குத் திருப்பி, "இது எலுமிச்சையா?" என்றாள். எங்கள் ஊரில் ஒருவர் மேஜைமுன் செத்தாலும் சாகலாம், அமர்க்களம் பண்ணக் கூடாது. அமர்க்களம் பண்ணுகிறவரைவிட, அமர்க்களத்தைக் கவனித்துவிட்டவருக்குத்தான் கேவலம் அதிகம்.

என்னால் பொறுக்கவில்லை. "வில்ஃப், கொஞ்சம் காத்தாட பின்பக்கம் போயிட்டு வரலாமா?" என்று பாதி எழுந்தேன்.

எட்னா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை, கெஞ்சுகிற பார்வை. வில்ஃப் கோப்பையைக் கீழே வைத்தான்.

"நான் நல்லாத்தான் இருக்கேன் மேபல். நீ உக்காரு."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"ரொம்ப அமைதியா இருக்கீங்களே மிஸ்டர் கிளெக்?" என்றாள் திருமதி வெதரில்.

"கேட்டுக்கிட்டிருக்கேன் மேடம்."

அவன் பேசிய கடைசி வார்த்தை அது. அந்த அம்மாள், ஸ்காட்லாந்தில் தன் அக்கா வளர்க்கும் நாய்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஆரம்பித்தாள். வில்ஃப் தலையைச் சோபாவில் சாய்த்தான். கண்ணை மூடினான். உதடு நிறம் மாறியிருந்தது. நாய்க் கதை நடுவில் நின்றது. திருமதி வெதரில் அவனைப் பார்த்து, மெல்லச் சிரித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பாவம், தூங்கட்டும். நாப்பது வருஷ உழைப்பு."

"இந்தப் புழுக்கத்துக்கு யாருக்குத்தான் கண் சொக்காது" என்று திருமதி ஓக்லி கிசுகிசுத்தாள்.

அதற்குப் பிறகு நாங்கள் நான்கு பெண்களும் அவன் தூக்கம் கலையாதபடி ரகசியக் குரலில் பேசினோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நாங்கள் மறைத்தது ஒரு மனுஷனை. கரண்டிகளைச் சத்தமில்லாமல் வைத்தோம். எட்னா கேக்கை மெதுவாக வெட்டி எல்லோருக்கும் கொடுத்தாள். என் பங்கை நான் தின்று முடித்தேன். அதன் ருசிகூட நினைவிருக்கிறது, நன்றாக இருந்தது.

ஐந்து இருபதுக்கு விருந்தாளிகள் நுனிக்காலில் நடந்து வெளியேறினார்கள். வாசலில் திருமதி வெதரில் எட்னாவின் கையைப் பிடித்து, "அடுத்த மாசம் நீங்க எங்க வீட்டுக்கு டீக்கு வரணும்" என்றாள். கார் திரும்பும்வரை எட்னா சிரித்த முகத்தோடு நின்றாள். நான் அதற்குள் தெருமுனைக்கு ஓடிக்கொண்டிருந்தேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற ஓட்டம்.

டாக்டர் வில்ஃபின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உயிர் போய் அரை மணிக்கு மேல் ஆகிறது என்றார். "வலி வந்ததுமே ஏன் கூப்பிடல?" என்று எங்கள் இருவரையும் பார்த்துக் கேட்டார். அவர் போன பிறகு எட்னா அவன் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான் பாத்தேன் மேபல். உதடு நீலமாச்சு. கேக் வெட்டப் போறப்ப பாத்தேன். இந்த ஒரு சுத்து குடுத்துட்டு எந்திரிக்கலாம்னு நெனச்சேன். நான் ஒருத்திதான் அவனக் கொன்னேன்."

மதியம் நடந்ததை அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் கை கனத்தது எனக்கு நான்கு மணி நேரத்துக்கு முன்பே தெரியும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பாவத்தில் பாதி என் தோளுக்கு வந்திருக்கும். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை அடக்கம். திரும்பி வந்தவர்களுக்கு ஹாம் என்கிற பன்றித் தொடைக்கறியும் தேநீரும் அதே முன்னறையில். ஹாம் வைக்காமல் அனுப்பினால் எங்கள் ஊரில் மானம் கப்பல் ஏறிவிடும். எட்னா கறுப்பு உடையில் ஒவ்வொருவருக்கும் தானே ஊற்றிக்கொண்டு வந்தாள். திருமதி வெதரில் முன்னால் வந்ததும் கெண்டியைச் சாய்க்காமல் நின்றாள்.

"மேடம், அன்னிக்கு நீங்க வில்ஃபைப் பாத்தீங்கல்ல? அவன் தூங்கலன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

திருமதி ஓக்லி தன் கோப்பைக்குள் பார்த்தாள். திருமதி வெதரில் கோப்பையை ஒரு அங்குலம் முன்னால் நீட்டினாள்.

"இந்தத் தேயிலை அருமையா இருக்கு மிஸஸ் கிளெக். எந்தக் கடையில வாங்கறீங்க?"

எட்னா கடையின் பெயரைச் சொன்னாள். கோப்பையை நிரப்பினாள். பிறகு கெண்டியோடு என்னிடம் வந்தாள். நான் மேஜையோரம் ஹாம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மேபல், நீயாவது சொல்லு. அன்னிக்கு மத்தியானம் அவன் சமையக்கட்டுல உன்கூடத்தானே இருந்தான். உன்கிட்ட ஏதாவது சொன்னானா?"

முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண் என் முகத்தைவிட்டு நகரவில்லை. 'ஆமா, சொன்னான்' என்று இரண்டே வார்த்தை சொன்னால் போதும்.

"இன்னும் ரெண்டு துண்டு வெட்டட்டுமா எட்னா?" என்றேன்.

அவள் கெண்டியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"வெட்டு" என்றாள். "மெல்லிசா வெட்டு. இன்னும் ஆள் வரணும்."