முடிவை மறக்க முடியாதுங்க

எங்கள் ஊர் காமிக்ஸ் கடையில் ஒவ்வொரு புத்தகத்தின் கீழும் ஒரு மஞ்சள் அட்டை சொருகியிருப்பார்கள். கடையில் வேலை பார்ப்பவர்கள் படித்துப் பார்த்துக் கைப்பட எழுதிய சிபாரிசு என்று அதன் தலையில் அச்சடித்திருக்கும். அந்த அட்டைகளைக் கண்டாலே எனக்கு இப்போது குமட்டிக்கொண்டு வருகிறது. "அருமைங்க." "தவறாமப் படிங்க." "கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க." கொலைகாரன் கதைக்கும் கண்ணில் தண்ணி, குரங்கு சைக்கிள் ஓட்டும் கதைக்கும் கண்ணில் தண்ணி. ஏ.சி. போட்ட ஒரே அறைக்குள் இத்தனை அருமையை அடைத்து வைத்து, போதாக்குறைக்கு மல்லிகை வாசனை ஸ்பிரேயும் அடித்திருப்பார்கள்.

கோயம்புத்தூரிலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் இந்த மரியாதை எனக்குப் புதிதல்ல. நாங்கள் திட்டும்போதுகூட 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். விருந்தில் சாம்பாருக்கு உப்பே போடாவிட்டாலும் நல்லா இருக்குதுங்க என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்வோம். சாப்பாட்டில் அது இருந்துவிட்டுப் போகட்டும். புத்தகத்துக்கும் அதே உபசாரம் என்றால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அதற்குக் காரணம் இருக்கிறது.

பம்பு செட்டும் கிரைண்டரும் செய்யும் ஒரு கம்பெனியில் படம் வரைவது என் பிழைப்பு. எந்த போல்ட்டை எந்த ஓட்டையில் மாட்ட வேண்டும் என்று காட்டும் படங்கள். அவற்றை யாரும் பார்ப்பதில்லை, கிரைண்டர் ரிப்பேரானால் நேராக மெக்கானிக்கைக் கூப்பிடுகிறார்கள். அதனாலோ என்னவோ, யாராவது உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒன்றை வரைய வேண்டும் என்ற ஆசை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்து ஒரு காமிக்ஸ் வரைந்தேன். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் தனியாக இருக்கும் ஒரு பெண். மலையிலிருந்து இறங்கி அவள் தோப்புக்குள் வந்து போகும் ஒரு யானை. அவ்வளவுதான் கதை. சொந்தச் செலவில் அச்சடித்தேன். அச்சகத்திலிருந்து முதலில் தைத்த சில பிரதிகள் வீட்டுக்கு வந்தன, பக்கமெல்லாம் சரியாக இருந்தது, மீதிக் கட்டு நேராகக் கடைக்குப் போய்விட்டது.

கடை முதலாளி காங்கேயத்து எண்ணெய் மில் வீட்டுப் பிள்ளை. புத்தகத்தைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, "நம்மூரு ஆளு நம்மூரு யானைய வரைஞ்சிருக்கீங்க, பெருமையா இருக்குதுங்க" என்றார். அடுத்த வாரம் போனபோது என் புத்தகத்தின் கீழும் மஞ்சள் அட்டை. எழுதியவர் கடையின் தாடிக்காரர். ஜப்பான் காமிக்ஸ் எல்லாம் கரைத்துக் குடித்தவர் என்று அவருக்குப் பெயர். "முடிவை மறக்கவே முடியாதுங்க. மூணு நாள் தூங்கல" என்று எழுதியிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த முடிவுக்காகத்தான் நான் அதிகம் பாடுபட்டிருந்தேன். கடைசி எட்டுப் பக்கத்தில் ஒரு வார்த்தை கிடையாது, வெறும் படம். அதை ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார் என்று நினைத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் அட்டையைக் காட்டினேன். அவள் அட்டையைப் பார்த்தாள், தாடிக்காரரைப் பார்த்தாள், "நல்லாத் தூங்குன மூஞ்சியாத்தான் இருக்குது" என்றாள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு கடையிலேயே என் புத்தகத்துக்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். ஞாயிறு சாயங்காலம், பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, முட்டை பப்ஸ். முன்வரிசையில் ஒருவர் பப்ஸைத் தின்றுகொண்டே என் புத்தகத்தைப் பிடித்திருந்தார். அட்டையில் யானையின் நெற்றிமேல் அவருடைய எண்ணெய்க் கட்டைவிரல் அச்சாகப் பதிந்திருந்தது. வாயிலிருந்து உதிர்ந்த தூளை ஊதிவிட்டு மறுபடியும் அதே விரலால் பக்கம் திருப்பினார். அருவருப்பாக இருந்தது. ஆனாலும் படிக்கிறாரே என்று பொறுத்துக்கொண்டேன்.

தாடிக்காரர் எழுந்து முடிவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மௌனம் என்றார். வெளி என்றார். "அந்தக் கடைசிப் பக்கத்துல யானையோட கண்ணு இருக்குதுங்களே, அதுல இந்தக் கொங்கு மண்ணே தெரியுதுங்க" என்றார். எனக்குச் சற்றே இடித்தது. நான் கடைசிப் பக்கத்தில் யானையின் முதுகைத்தான் வரைந்திருந்தேன். ஒருவேளை அதற்கு முந்தின பக்கத்தைச் சொல்கிறாரோ என்று அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பிரித்தேன்.

கடைசி எட்டுப் பக்கத்தைக் காணோம். அச்சகத்தில் கடைசி பாரத்தை, அதாவது சேர்த்து மடித்த அந்த எட்டுப் பக்கக் கட்டை, வைக்காமலே தைத்துவிட்டார்கள். யானை வாழைக்குப் பின்னால் நிற்கிறது. அந்தப் பெண் டார்ச்சைத் தூக்கிப் பிடித்து, "இந்தப் பக்கம் வந்தீன்னா" என்கிறாள். அதோடு பின்னட்டை வந்துவிடுகிறது. இன்னொரு பிரதியை எடுத்தேன், அதுவும் அப்படியே. அலமாரியில் இருந்த ஒவ்வொன்றும் அப்படியே.

தாடிக்காரர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். பப்ஸ்காரர் தலையாட்டினார். முழு அறையும் தலையாட்டியது. இல்லாத ஒரு முடிவுக்காக இத்தனை தலைகள். அப்போதே எழுந்து புத்தகத்தை விரித்துக் காட்டி, யோவ், எங்கேய்யா முடிவு என்று கத்தியிருக்க வேண்டும். எழுந்தேன். "ரொம்ப நன்றிங்க, சந்தோஷமுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நானும் இதே ஊர்க்காரன்தானே.

கூட்டம் கலைந்ததும் பில் போடும் பெண்ணிடம் போனேன். அவளாவது உண்மை சொல்வாள் என்று ஒரு நப்பாசை.

"ஏனுங் அம்மணி, நீங்க படிச்சீங்களா?"

"படிக்காம இருப்பனுங்களாண்ணா? ரெண்டு தடவ படிச்சனுங்க."

"கடைசிப் பக்கம்?"

"அழுதுபோட்டனுங்ண்ணா."

நாக்கூசாமல் சொன்னாள், கண்களில் அவ்வளவு கனிவோடு. அதற்குமேல் அவளிடம் என்ன கேட்பது? முதலாளியைத் தனியே கூப்பிட்டுப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். அவர் பார்த்தார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

"அட, விடுங்க. வாங்கிட்டுப் போனவங்க ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலீங்களே. இப்பப் போயி நாமளாச் சொன்னா அவிங்களுக்குச் சங்கடமுங்க."

"முடிவே இல்லீங்களே!"

"ஓப்பன் எண்டிங்னு சொல்லிக்கலாமுங்க. இப்ப அதுதானுங்க ஃபேஷன்."

புத்தகக் கட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு வேறு புத்தி வந்தது. புத்தகங்கள் அங்கேயே இருக்கட்டும். விட்டுப்போன எட்டுப் பக்கத்தை மட்டும் தனியாக அச்சடித்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறேன். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், மீதி எங்கே என்று கேட்டு வந்தால் போதும், இன்னொரு புத்தகம் வரைவேன். யாருமே வராவிட்டால் பேனாவை மூடி வைத்துவிட்டு போல்ட்டும் நட்டுமாகக் காலத்தை ஓட்டிவிடுகிறேன். மனைவியிடமும் இதைச் சொன்னேன். கல்யாணத்தில் சத்தியம் செய்ததைவிடத் தீர்மானமாகச் சொல்கிறீர்கள் என்று கிண்டல் செய்தாள்.

சனிக்கிழமை தவறாமல் கடைக்குப் போனேன். புத்தகம் விற்றுக்கொண்டுதான் இருந்தது. எட்டுப் பக்கக் கட்டு வைத்த இடத்திலேயே தூசி படிந்தது. ஒருநாள் அதன் மேல் டீ டம்ளர் வைத்த வட்டம் தெரிந்தது. வாங்கியவர்கள் சிலர் என்னை அடையாளம் கண்டு கையைக் குலுக்கினார்கள், "முடிவு பிரமாதமுங்க" என்றார்கள். ஒருவருக்கும் கூசவில்லை. கையைக் கழுவ வேண்டும் போல இருக்கும். யானை என்ன செய்தது என்று அறிய ஒரு ஆளுக்கும் ஆசையில்லையே என்பதைவிட, ஆசை இருக்கிற மாதிரி அவர்கள் நடித்ததுதான் எனக்கு ஆகவில்லை. மழைக்காலம் வந்தது. ஓவியப் பேனாக்களைக் கழுவித் துடைத்து ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினேன்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் அந்த அம்மா வந்தார். நடுத்தர வயது, தோளில் ஈரக் குடை, கையில் பக்கத்துத் தெரு விடுதியில் இருக்கும் மகளுக்குக் கொண்டுவந்த முறுக்குப் பை. பையிலிருந்து என் புத்தகத்தை எடுத்துக் கல்லாமேல் பொத்தென்று போட்டார்.

"ஏனுங்க, மீதியக் காணோமுங்க?"

பில் போடும் பெண் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி சிரித்தார். "அது அப்படித்தானுங்க. ஓப்பன் எண்டிங்."

"என்ன எழவு ஓப்பனுங்க? போனவாட்டி புள்ளையப் பார்த்துப்போட்டு வெள்ளகோவிலுக்குப் போறப்ப பஸ்ஸுல படிச்சனுங்க. பல்லடத்துல ஆரம்பிச்சேன், காங்கேயம் வாறப்போ கதை நின்னுபோச்சு. அந்தப் பொம்பள டார்ச்சத் தூக்கிட்டு நிக்கறா. இருந்தாளா, செத்தாளா? ஊட்டுக்குப் போயிச் சோறாக்க மனசு வரலீங்க." பிறகு அலமாரிக்கு நடந்து போய் மஞ்சள் அட்டையை உருவிக்கொண்டு வந்தார். "இதப் பார்த்துத்தானுங்க வாங்குனேன். முடிவ மறக்க முடியாதுன்னு எழுதுன புண்ணியவான் யாருங்க?"

தாடிக்காரர் கையைத் தூக்கினார், பாதி அளவுக்கு.

"எந்த முடிவுங்க?"

தாடிக்காரர் தூக்கிய கையால் தாடியைச் சொறிந்தார். முதலாளி ஸ்பிரேயை எடுத்து மூலையில் அடித்தார். எனக்கோ அந்த அம்மாவின் காலில் விழலாம் போல இருந்தது. தூசியைத் தட்டி, டீக் கறை இல்லாத ஒரு கட்டாகப் பார்த்து எடுத்து, "நான்தானுங்க வரைஞ்சது. இந்தாங்க மீதி" என்று நீட்டினேன்.

அவர் நின்றுகொண்டே படித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் நிதானமாக நின்று நின்று படித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் முடிவில் அந்தப் பெண் டார்ச்சைக் கீழே வைத்துவிடுவாள். யானை பக்கத்தில் வந்து, தும்பிக்கையைத் தூக்கி, அவள் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு, மலையைப் பார்த்துத் திரும்பிப் போகும். கடைசிப் பக்கத்தில் அதன் முதுகு.

படித்து முடித்துவிட்டு அவர் சொன்னார்: "நல்லா இல்லீங்க."

"ஏனுங்க?"

"யானை எதுக்குங்க அவளத் தடவோணும்? பசிச்சு வந்துச்சு. வாழையத் தின்னுபோட்டுப் போயிரும். இவ பேசறத அது கேக்குமுங்களா? அதுவரைக்கும் நெசமா இருந்துச்சு. இங்க வந்து நீங்க பொய் சொல்லிப்போட்டீங்க."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அத்தனை மாதம் இந்தக் கடையின் மரியாதையைப் பார்த்துக் காறித் துப்பாத குறையாக இருந்தேன். கடைசியில் என் யானைக்கும் அதே மரியாதையைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தோப்புக்கு வந்த யானை வீட்டுக்காரியிடம் போயிட்டு வாரேனுங்க என்று சொல்லிக்கொண்டு போகிறது. எனக்கு என் மீதே ஓங்கரித்தது.

பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று முதலாளி சொன்னதற்கு அந்த அம்மா வேண்டாம் என்றுவிட்டார். எட்டுப் பக்கத்தையும் புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு, "புள்ள காத்துட்டு இருப்பாளுங்க" என்று கிளம்பினார். படியிறங்கும் முன் திரும்பி, "அந்தப் பொம்பள மூஞ்சியும் பக்கத்துக்குப் பக்கம் மாறுதுங்க, அதையும் பாருங்க" என்றார்.

அடுத்த வாரம் என் புத்தகத்தின் கீழ் புதிய மஞ்சள் அட்டை இருந்தது. "இப்போ எட்டுப் பக்கம் கூடுதலா! முடிவை மறக்கவே முடியாதுங்க." அதே தாடிக்காரர் கையெழுத்து. எல்லாப் பிரதிகளையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வாசல்வரை வந்து, "மறுபடியும் வாங்க" என்று மூன்று பேரும் கும்பிட்டார்கள்.

பிஸ்கட் டப்பாவைத் திறந்து அந்த எட்டுப் பக்கத்தை மறுபடியும் வரைந்துகொண்டிருக்கிறேன். இந்தமுறை யானை வாழையைத் தின்கிறது, வேலியை மிதித்துப் போடுகிறது, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது. அவள் முகத்தை ஒரே முகமாக வரைவதுதான் பெரிய பாடாக இருக்கிறது. முடிந்ததும் கடைக்குக் கொடுக்க மாட்டேன். மகளைப் பார்க்க அந்த அம்மா வரும் சனிக்கிழமை எது என்று விடுதியில் விசாரித்து வைத்திருக்கிறேன், விடுதி வாசலில் நின்று கையில் கொடுப்பேன். நல்லா இல்லையென்றால் சொல்லிவிடுவார்.