காகிதம் வேண்டாத மிலுனும் ஒரு கறுப்பு உறையும்

விலாசொட்டின்சே ஊரில் மிலுனுக்கு இரண்டு தொழில். வார நாட்களில் டிராக்டர் டயருக்குப் பஞ்சர் ஒட்டுவார். சனி, ஞாயிறுகளில் கல்யாணங்களில் பாடுவார். முதல் தொழிலில் அவருக்கு அறிவு அதிகம், இரண்டாவதில் பெயர் அதிகம். அறிவும் பெயரும் ஒரே வீட்டில் குடியிருப்பது அபூர்வம் என்பதால் இதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

அந்தப் பெயர் இதுதான்: "மிலுனுக்குக் காகிதம் வேண்டாம்." மற்ற பாடகர்கள் கசங்கிய தாளைப் பார்த்துப் பாடுவார்கள். மிலுனிடம் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும்; கண்ணை மூடிக்கொண்டு கடைசி அடி வரை போய்விட்டுத்தான் திரும்புவார். இதற்காகவே சுற்றுவட்டாரத்தில் அவர் தேதியைக் கேட்டுக்கொண்டு கல்யாணத் தேதி வைத்தவர்கள் உண்டு.

ஆனால் ஐம்பத்தெட்டு வயதில் ஞாபகம் தேய ஆரம்பித்தது. முதல் இரண்டு சரணங்கள் ஒழுங்காக வரும். மூன்றாவது, கயிற்றை அறுத்துக்கொண்ட ஆடு மாதிரி, எந்தப் பக்கம் போனதென்றே தெரியாது. காதலர்கள் சேர வேண்டிய ஒரு பாட்டில் இருவரையும் ஆற்றில் மூழ்கடித்துவிட்டார்.

"அண்ணே, கல்யாண வீட்டுல இன்னிக்கு ரெண்டு சாவு," என்றான் அக்கார்டியன் வாசிக்கும் ஸ்வெட்கோ. "அடுத்த பாட்டுல யாரையாவது பொழைக்க வை."

வெளிநாட்டில், கிராத்ஸ் நகரில் வேலை பார்க்கும் மகள் விஷயத்தைக் கேட்டுத் தன் பழைய டேப்லெட்டை அனுப்பினாள். பாட்டு வரிகளெல்லாம் அதற்குள் கோழி முட்டை அளவு எழுத்தில் ஏறின. காலடியில், ஒலிபெருக்கிப் பெட்டிமேல் சாய்த்து வைத்தால் பாடுகிறவருக்கு மட்டும் தெரியும். இந்த ரகசியம் மனைவி ரட்மிலாவுக்கும் ஸ்வெட்கோவுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் பெயர் போய்விடும். பெயர் போனால் டயர்தான் மிச்சம்.

ஆனால் இந்தப் பக்கத்துக் கல்யாணம் மென்மையான பொருட்களுக்கான இடமல்ல. பிடித்த பாட்டு வந்தால் கண்ணாடித் தம்ளரைத் தரையில் அடித்து உடைப்பதுதான் இங்கே கைதட்டல். பணத்தாளில் எச்சில் தொட்டுப் பாடகர் நெற்றியில் ஒட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் ஒயின் முழங்காலுக்கு வந்துவிடும். ஆகவே ஓர் உறை வேண்டும்: மலிவாக இருக்க வேண்டும், காப்பாற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே, யார் கண்ணிலும் படக் கூடாது.

"நைலான் பை இருக்கே," என்றாள் ரட்மிலா. அவள் வீட்டில் டிவி ரிமோட் வாங்கின நாளிலிருந்து நைலான் பைக்குள் ரப்பர் வளையம் போட்டு வாழ்ந்துகொண்டிருந்தது. டிவி இரண்டு தடவை மாறியும் ரிமோட்டின் பழைய உறையை அவள் தூக்கிப் போடவில்லை.

"மேடையில போய் பை சரசரன்னு கெடந்தா, என்ன கொண்டு வந்திருக்கேன்னு கேக்க மாட்டாங்களா?"

"மொளகாய்னு சொல்லு. செப்டம்பர் மாசம், ஊரே மூட்ட மூட்டயா மொளகாய் வாங்குது, யாரு நம்ப மாட்டா?"

மிலுன் தொப்பியை எடுத்துக்கொண்டு சந்தை ஓரத்துச் சீனக் கடைக்குப் போனார்.

கடைக்காரம்மாவுக்கு ஊர் வைத்த பெயர் லில்யா. ஊர்க்காரர்களைவிட ஊர்ப் பேச்சைக் கொச்சையாகப் பேசுவாள். பேரத்தில் அவளிடம் ஜெயித்தவர் யாரும் இல்லை, தோற்றதை ஒப்புக்கொண்டவரும் இல்லை. மூன்று உறைகளை எடுத்துப் போட்டாள். ஒன்று கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக். ஒன்று குழந்தைகளுக்கானது: நீல நிறத் தடித்த ரப்பர், மேலே பிடி, பின்னால் ஊன்றுகால். மூன்றாவது கறுப்புச் செயற்கைத் தோல், புத்தகம் போல மூடித் திறக்கும். விலையும் அதற்குத்தான் குறைவு.

"நீலத்த எடுத்துக்கோ மாமா. மாடியிலேருந்து போட்டாலும் பந்து மாதிரி எழுந்து நிக்கும்."

"நான் என்ன பால்வாடிக்குப் போறேனா?"

"டயர் ஒட்டுற ஆளு நீ. ரப்பரோட அரும பெருமைய நான் சொல்லணுமா ஒனக்கு?"

"கறுப்ப குடு. அடக்கமா இருக்கு."

"அடக்கமாத்தான் இருக்கும். ஆத்தங்கரை ஓட்டல்ல மெனு அட்டைக்கெல்லாம் இதே தோல்தான், எங்கிட்ட வாங்குனது. அது பாக்குறதுக்கு மட்டும்தான். திங்கக்கிழமை அழுதுகிட்டு வராத, சொல்லிட்டேன்."

ரப்பரைப் பற்றி எல்லாம் தெரிந்த மனிதர் தோலை வாங்கிக்கொண்டு, மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் வீடு திரும்பினார்.

அந்தச் சனிக்கிழமைக் கல்யாணம் ஆற்றங்கரை ஓட்டலில். பிளாகொயே என்பவர்தான் கூம். கூம் என்றால் மாப்பிள்ளைக்குச் சாட்சி நிற்பவர். கல்யாணத்தில் பாதிரியாருக்கு அடுத்தபடி அவர் வாக்குதான், சாப்பாடு வந்த பிறகு பாதிரியாருக்கும் முந்தி. பெண் வீட்டார் வடக்கே நோவி சாட் நகரத்துக்காரர்கள். அவர்களிடம் பிளாகொயே மூன்றாவது தம்ளரிலேயே ஆரம்பித்துவிட்டார்: "எங்க ஆளுக்குக் காகிதம் கெடையாது! எந்தப் பாட்டு வேணும்னாலும் கேளுங்க!"

ஆட்டு வறுவல் வந்ததும் மேளதாளத்துக்கு ஓய்வு. மிலுன் எச்சரிக்கையாக உறையை மூடி ஒலிபெருக்கிமேல் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.

இனி சர்வர் க்வோஸ்தெனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த ஓட்டலில் ஒரு சட்டம் உண்டு: கல்யாணம் நடக்கும்போது மெனு அட்டை ஒன்றுகூட வெளியே இருக்கக் கூடாது. இருந்தால் எவனாவது ஒரு விருந்தாளி அதைப் பிரித்து, கல்யாண வீட்டுக் கணக்கில் விலை உயர்ந்த விஸ்கி கேட்பான், விடிந்ததும் சண்டை. க்வோஸ்தென் கடமை தவறாதவன். மேடைமேல் ஒரு கறுப்பு அட்டையைப் பார்த்தான், பதறினான், எடுத்துக்கொண்டு போய் மற்ற அட்டைகளோடு டிராயரில் போட்டான். முதலாளி பூட்டினார்.

மிலுன் வாயைத் துடைத்துக்கொண்டு மேடை ஏறியதும் பிளாகொயே எழுந்து நின்றார்.

"மிலுன்! எங்கப்பா பாட்டு! ஆத்துக்கு அக்கரை போன தங்கச்சி!"

காணாமல் போன தங்கையை அண்ணன் தேடிப் போகிற பாட்டு அது. வழியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்பான்; ஒவ்வொருவருக்கும் ஒரு சரணம். கூம் கேட்ட பாட்டை மறுப்பது இங்கே வழக்கமில்லை. மிலுன் குனிந்தார். ஒலிபெருக்கிமேல் யாரோ கடித்துப் போட்ட எலும்பு இருந்தது.

முதல் சரணத்தில் அண்ணன் ஆடு மேய்ப்பவனைக் கேட்டான். இரண்டாவதில் மில்காரனைக் கேட்டான். மில்காரனுக்குப் பிறகு யார்? மிலுன் ஸ்வெட்கோ பக்கம் சாய்ந்தார்.

"மூணாவது யாருடா?"

"எனக்கு ராகம்தான் தெரியும். வார்த்தை உன் பாடு," என்று ஸ்வெட்கோ அக்கார்டியனை இழுத்துக்கொண்டே இருந்தான். எவ்வளவு நேரம்தான் இழுப்பான்? நோவி சாட் மேசை மொத்தமும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. பிளாகொயே நெஞ்சில் கை வைத்து நின்றார்.

அப்போது தட்டுகளோடு க்வோஸ்தென் குறுக்கே போனான். மெனு அட்டைக்கும் இதே தோல்தான் என்று லில்யா சொன்னது மிலுனுக்கு ஞாபகம் வந்தது, விஷயம் புரிந்துவிட்டது. மெட்டை விடாமல் அவனைப் பார்த்தே எடுத்தார்:

"ஏய் க்வோஸ்தென், தட்டேந்திப் போகும் க்வோஸ்தென்,
என் காலடிக் கறுப்புத் தோலை எங்கே கொண்டு போனாய்?"

க்வோஸ்தென் பழைய காலத்துப் பெயர். பழைய பாட்டில் வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. தன் பெயரைக் கேட்டு சர்வர் மட்டும் அப்படியே நின்றான். தட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உரக்கக் கத்தினான்:

"டிராயர்ல இருக்கு! சாவி மொதலாளிகிட்ட!"

மிலுன் அதையும் மெட்டில் வாங்கினார். "சாவி மொதலாளிகிட்ட, ஐயோ, சாவி மொதலாளிகிட்ட." இரண்டாம் தடவை ஸ்வெட்கோ சேர்ந்தான். மூன்றாம் தடவை நோவி சாட் மேசை முழுக்க எழுந்து பாடியது. தம்ளர்கள் உடைந்தன. பிளாகொயேயின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"அந்தக் கறுப்புத் தோலு, தங்கச்சியோட சீதனப் பொட்டிடா அது!" என்று பக்கத்தில் இருந்தவரைப் பிடித்து உலுக்கினார். "எங்கப்பா இந்தச் சரணத்தப் பாடுவாரு. நான்தான் மறந்துபோனேன். மிலுன் மறக்கல!"

சொல்லிவிட்டு ஒரு பெரிய நோட்டை எச்சில் தொட்டு மிலுன் நெற்றியில் ஒட்டினார். க்வோஸ்தென் நெற்றியிலும் ஒன்று.

டேப்லெட் பத்திரமாகத் திரும்பி வந்தது. மேலே அடுக்கியிருந்த மெனு அட்டைகளின் பாரத்தில் ஓரத்தில் ஒரு கீறல். திங்கட்கிழமை மிலுன் சீனக் கடைக்குப் போனார். அவர் கேட்பதற்கு முன்பே லில்யா நீல உறையை எடுத்து வைத்தாள். விலையும் கொஞ்சம் ஏறியிருந்தது.

"அழலியே?"

"இன்னும் இல்ல."

அது முதல் அந்த நீல ரப்பர், பிடியும் ஊன்றுகாலுமாக, மேடை நடுவில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் நிற்கிறது. ஒருவரும் சந்தேகப்படவில்லை. ஏதோ பிள்ளைக்குப் பொம்மைப் படம் போட்டுக் காட்டக் கொண்டு வந்திருக்கிறார் என்று ஊர் தானே முடிவு செய்துவிட்டது. காகிதம் வேண்டாத மனிதருக்கு அது வேறு எதற்கு?

கஷ்டம் வேறு இடத்தில் வந்தது. இப்போது எந்தக் கல்யாணத்திலும் முதல் கோரிக்கை அந்த க்வோஸ்தென் சரணம்தான். மிலுனுக்கோ அன்றைக்கு என்ன பாடினோம் என்பது ஒரு வரிகூட ஞாபகம் இல்லை. சர்வரைக் கூட்டி வந்து, ஒரு தம்ளர் ரக்கியா சாராயம் ஊற்றிக் கொடுத்து, அவன் சொல்லச் சொல்ல ரட்மிலாதான் டேப்லெட்டில் ஏற்றினாள். ஏற்றி முடித்ததும், நீல உறையோடு சேர்த்து, அதை ஒரு நைலான் பைக்குள் போட்டு ரப்பர் வளையம் மாட்டினாள்.